போருக்குப் போனவர்களுக்குக் கல்வெட்டு உண்டு, போரை மறுத்தவர்களுக்கு?

பாலாற்றங்கரையான் (வேலூர்)

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பெரும் போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். சந்தை நெரிசலில் அதை நின்று படிப்பவர்கள் குறைவு. செங்கம் பக்கம் போனால் அதைவிடப் பழைய கற்கள்: ஆநிரைப் பூசலில் விழுந்தவனுக்கு வட்டெழுத்தில் பெயர் வெட்டி நிறுத்திய நடுகற்கள். பழைய வட ஆர்க்காடு, போரில் செத்தவனை மறக்காத சீமை. அதில் எனக்குக் குறையேதும் இல்லை.

ஆனால் இரண்டு உலகப் போர்களின்போதும், ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று சொல்லி அதற்கான விலையையும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் அவர்கள் பெயர் வருவதே இல்லை. வந்தாலும், சண்டைக்குப் பயந்தவர்கள், காரியத்துக்கு ஆகாத நல்லவர்கள் என்கிற தொனியில்தான் வருகிறது. அது அநியாயம் என்பதே என் வாதம்.

ஓர் எடுத்துக்காட்டு. 1916 ஜனவரியில் பிரிட்டனில் கட்டாயப் படைச் சேர்ப்புச் சட்டம் வந்தது. மனச்சான்றின் பேரில் மறுத்தவர்கள் சுமார் 16,000 பேர். போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள், மெதடிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், நூற்பாலைத் தொழிலாளர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று பலதரப்பட்டவர்கள். ஒவ்வொருவரும் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் அடங்கிய தீர்ப்பாயத்தின் முன் நிற்க வேண்டும். பக்கத்திலேயே ராணுவத்தின் பிரதிநிதி உட்கார்ந்திருப்பார். "உன் தாயை ஒரு ஜெர்மானியன் தாக்கினால் என்ன செய்வாய்?" என்பது வழக்கமான கேள்வி. எந்தப் பதிலைச் சொன்னாலும் பெரும்பாலும் விண்ணப்பம் தள்ளுபடிதான்.

சுமார் 6,000 பேர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் சிலரை 1916 மே மாதம் பிரான்சுக்குக் கப்பலேற்றினார்கள். போர்முனையில் கட்டளையை மீறினால் மரண தண்டனை கொடுக்கலாம் என்பதுதான் அதன் காரணம். ஜூன் மாதம் பூலோன் நகருக்குப் பக்கத்து முகாமில், வீரர்களை அணிவகுத்து நிறுத்தி, கைதிகளை ஒவ்வொருவராக முன்னே அழைத்தார்கள். அதிகாரி தாளைப் பார்த்து வாசித்தார்: சுட்டுக் கொல்லப்பட வேண்டும். நிறுத்தினார். தலைமைத் தளபதி இதை உறுதி செய்திருக்கிறார். மறுபடி நிறுத்தினார். பிறகுதான் கடைசி வரி வந்தது: தண்டனை பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்படுகிறது. இப்படி 35 பேருக்கு வாசித்தார்கள். அந்த இரண்டு இடைவெளிகளிலும் ஒருவர்கூட "சரி, துப்பாக்கியைக் கொடுங்கள்" என்று சொல்லவில்லை. அங்கே போவதற்கு முன் அவர்களில் 16 பேரை அடைத்து வைத்திருந்த, இங்கிலாந்தின் ரிச்மண்ட் கோட்டையின் சிறை அறைகளில், கைதிகள் பென்சிலால் எழுதிய வரிகள் இன்றும் சுவரில் இருக்கின்றன.

இவர்களைக் கோழைகள் என்று சொல்ல முடியுமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கணியம்பாடிக்காரன்

ஐயா, நான் பட்டாளத்துக் குடும்பம். எங்கள் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். முதல் உலகப் போர்க் காலம் முதல் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர். இங்கே ஒரு பையன் பத்தாவது முடித்ததும் விடியற்காலையில் ஓடத் தொடங்குவது எவனையோ கொல்வதற்காக அல்ல. மானாவாரி நிலம், பொய்க்கும் மழை, தங்கைக்குக் கல்யாணம். பட்டாளம் எங்களுக்குச் சம்பளம், பென்ஷன், மரியாதை.

அந்த 277 பேரில் எத்தனை பேர் சக்கரவர்த்திக்காகப் போயிருப்பார்கள்? வயிற்றுக்காகப் போனவர்களே அதிகம் என்பது என் எண்ணம். அவர்களை ஒரு பக்கமும் உங்கள் அமைதிக்காரர்களை மறுபக்கமும் நிறுத்தி, யார் பெரியவர் என்று கேட்பதுபோல் இருக்கிறது உங்கள் பதிவு. நாளைக்கு எல்லையில் ஒருவன் ஏறி வந்தால் மனச்சான்று தடுக்குமா?

வாலாஜா வாசகன்

இன்னொரு கோணத்தையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் போர் எதிர்ப்பு என்றால் காந்தியைத்தான் சொல்வோம். அதே காந்தி 1918-ல் டெல்லி போர் மாநாட்டுக்குப் போய் வந்த பிறகு, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்த்தார். வரி எதிர்ப்புப் போராட்டத்தில் அவருக்கு வண்டி கொடுத்த மக்களே அப்போது வண்டி கொடுக்கவில்லை. ஆளும் அதிகம் சேரவில்லை, அலைச்சலில் அவர் படுக்கையில் விழுந்ததுதான் மிச்சம்.

1940 ஜூலையில் பூனாவில் கூடிய காங்கிரஸ், மத்தியில் தேசிய அரசு அமைத்தால் போர் முயற்சிக்கு உதவுகிறோம் என்று தீர்மானம் போட்டது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் ராஜாஜி. ஆகவே காங்கிரஸைப் போர் மறுப்பு இயக்கம் என்று எழுதினால் வரலாறு இடிக்கும்.

பாலாற்றங்கரையான்

கணியம்பாடித் தம்பிக்கு முதலில். யார் பெரியவர் என்று நான் கேட்கவில்லை. வயிற்றுக்காகப் போனவர்கள் என்று நீங்கள் சொன்னது உண்மை, அதை அந்தக் கல்வெட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறது. இரண்டு தரப்பையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காலம் விளங்கும் என்கிறேன், அவ்வளவுதான்.

வாலாஜா நண்பர் சொன்ன இரண்டு செய்திகளும் சரி. அதற்குப் பின் நடந்ததுதான் நம் ஊருக்கு நெருக்கமானது. பூனாவில் நீட்டிய கையைப் பிரிட்டிஷ் அரசு பற்றவில்லை. 1940 அக்டோபர் 17 அன்று வார்தா பக்கத்துப் பவுனாரில் வினோபா பாவே தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். கூட்டமாகப் போகக் கூடாது, கலவரம் கூடாது. காந்தி ஒப்புதல் அளித்த ஒருவர், தான் எந்த நாளில் எந்த இடத்தில் பேசப்போகிறேன் என்று மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். பிறகு அந்த இடத்துக்குப் போய் நின்று சொல்ல வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்: பிரிட்டிஷ் போர் முயற்சிக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுவது தவறு, எல்லாப் போரையும் அகிம்சை வழியில் எதிர்ப்பதே தகும்.

இதைச் சொன்னதற்கு இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்ச் சிறை. நேருவை அவருடைய முறை வருவதற்கு முன்பே கைது செய்து நான்காண்டு தண்டனை கொடுத்தார்கள். 1941 நடுவாக்கில் நாடு முழுவதும் சிறைக்குப் போனவர்கள் 20,000 பேரைத் தாண்டிவிட்டார்கள்.

காமராஜர் அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். சத்தியாக்கிரகிகள் பட்டியலுக்கு ஒப்புதல் வாங்க வார்தாவுக்குப் போகும் வழியில், 1940 டிசம்பரில் குண்டூரில் அவரைப் பிடித்தார்கள். அடைத்தது எங்கே? நம் வேலூர் மத்திய சிறையில். உள்ளே இருக்கும்போதே 1941 மே மாதம் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நவம்பரில் விடுதலையானதும் போய், அந்தப் பதவியிலிருந்து விலகினார்.

காங்கிரஸ்காரர்கள் எல்லோருமே எல்லாப் போரையும் வெறுத்தவர்கள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சுதந்திரமே அவர்களுடைய முதல் குறி. ஆனால் அவர்கள் நின்று சொன்னது போர் மறுப்பு வாக்கியம், தண்டனை கிடைத்ததும் அதற்குத்தான். அப்படியிருந்தும் அந்தச் சிறைவாசத்தை சுதந்திரப் போராட்டக் கணக்கில் மட்டும் எழுதுகிறோம். போர் எதிர்ப்புக் கணக்கில் ஒரு வரிகூட எழுதுவதில்லை. உலகின் மிகப் பெரிய போர் எதிர்ப்புச் சிறைவாசங்களில் ஒன்றை இந்தியா நடத்தியிருக்கிறது, அதன் ஒரு பகுதி வேலூர்ச் சிறை இருக்கும் தொரப்பாடியில் நடந்தது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் என்ன?

ராஜாஜி கதை இன்னும் விசித்திரமானது. 1921 டிசம்பரில் ஒத்துழையாமைக்காக அவர் அடைபட்டதும் வேலூர்ச் சிறையில்தான். 1940-ல் போருக்கு உதவலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார், அதே ஆண்டு டிசம்பரில் போரை எதிர்த்துச் சிறை போனார். 1962-ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, காந்தி அமைதி நிறுவனத் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போய், அணுகுண்டு சோதனையை நிறுத்துங்கள் என்று அதிபர் கென்னடியிடம் நேரில் கேட்டார். மனிதர்கள் ஒரே கோட்டில் நடப்பதில்லை.

சோளிங்கர் வாசகி

பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1915 ஏப்ரல் 28 அன்று ஹேக் நகரில் பெண்கள் மாநாடு கூடியது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த நாடுகளின் பெண்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். அலெட்டா ஜேக்கப்ஸ் என்ற டச்சு மருத்துவர் அழைத்தார், அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ் தலைமை வகித்தார். பிரிட்டனிலிருந்து புறப்படத் தயாராக இருந்த 180 பேரில் பெரும்பாலோரை அரசு கடலைத் தாண்டவே விடவில்லை.

மாநாடு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், போரில் இருந்த நாடுகளுக்கும் நடுநிலை நாடுகளுக்கும் குழுக்களாகப் போய், நடுநிலை நாடுகள் சேர்ந்து இடைவிடாமல் சமரசப் பேச்சு நடத்த வேண்டும் என்று அமைச்சர்களிடம் கேட்டார்கள். யாரும் செவிசாய்க்கவில்லை. ஊர் திரும்பிய ஜேன் ஆடம்ஸை அமெரிக்கப் பத்திரிகைகள் கிழித்தெறிந்தன. 1931-ல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

எனக்கு அவரைவிட நெருக்கமானவர் எக்லண்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண். போர் 1918 நவம்பரில் நின்றது, ஆனால் ஜெர்மனி, ஆஸ்திரியா மீதான கடல் முற்றுகை நிற்கவில்லை. குழந்தைகள் பட்டினியில் செத்தார்கள். எலும்பும் தோலுமான ஆஸ்திரியக் குழந்தை ஒன்றின் படத்தைத் துண்டறிக்கையில் அச்சடித்து, 1919-ல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்தார். தணிக்கைக்குக் காட்டவில்லை என்று கைது. நீதிமன்றம் ஐந்து பவுண்டு அபராதம் போட்டது. வழக்கு முடிந்ததும், அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே தம் கையிலிருந்து ஐந்து பவுண்டு எடுத்துக் கொடுத்தார். அந்த மே மாதமே குழந்தைகளைக் காக்கும் நிதி அமைப்பு (சேவ் தி சில்ட்ரன்) பிறந்தது. எதிரி நாட்டுக் குழந்தைக்குச் சோறு போட வேண்டும் என்று வெற்றி மயக்கத்தில் இருக்கும் ஊரின் நடுவில் நின்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

நம் வேலூருக்கும் இதில் இடம் உண்டு. 1930 முதல் சென்னை மாகாணத்துப் பெண் சத்தியாக்கிரகிகளை அடைத்து வைத்த பெண்கள் சிறை இங்கேதான் இருந்தது. 1932-ல் காந்தியவாதி அம்புஜம்மாள் இங்கே இருந்தார். அது வேறு போராட்டம் என்றாலும், அந்த வாசலைத் தாண்டிய பெண்களின் துணிவு ஒன்றுதான்.

ஆம்பூர் தோல்வணிகன்

போரை மறுப்பதென்றால் துப்பாக்கியை மறுப்பது மட்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் தொழிலின் வரலாற்றைச் சொல்கிறேன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்குக் கோடிக்கணக்கில் பூட்ஸ் வேண்டியிருந்தது. அதன் மேல்தோலுக்குச் சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல் மிகவும் பொருத்தம். அரசே விலை வைத்து மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றியது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்துத் தோல் தொழிலுக்கு அது நல்ல காலம். ஆவாரம்பட்டை உரித்த கூலிக்காரர் முதல் ஏற்றுமதிக்காரர் வரை போரால் சோறு தின்றோம். பட்டாளத்துக்குப் போகாதவர்களும் போருக்கு வெளியே இருக்கவில்லை.

அதே சமயம், எங்கள் பகுதி முஸ்லிம்களுக்கு அந்தப் போர் பெரிய மனவேதனை. துருக்கி சுல்தான்தான் முஸ்லிம்களின் மார்க்கத் தலைவரான கலீஃபா, அவருடைய படைக்கு எதிராக இந்திய முஸ்லிம் சிப்பாய்களை அனுப்பினார்கள். 1921 ஜூலையில் கலீஃபா பதவியைக் காப்பதற்கான கராச்சி கிலாபத் மாநாட்டில், பிரிட்டிஷ் படையில் இருப்பது முஸ்லிமுக்கு மார்க்கப்படி தகாது என்று தீர்மானம் போட்டார்கள். அதற்காக மௌலானா முகமது அலியை செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்து வால்டேர் ரயில் நிலையத்தில் கைது செய்தார்கள். அப்போது அவர் காந்தியோடு சென்னைக்கு வந்துகொண்டிருந்தார். அவருக்கும் அண்ணன் ஷௌகத் அலிக்கும் இரண்டு ஆண்டுக் கடுங்காவல். உடனே காந்தி, அதே தீர்மானத்தை ஊருக்கு ஊர் மேடையேறிச் சொல்லுங்கள் என்றார், மக்களும் சொன்னார்கள். இதுவும் படை மறுப்புதான். ஆனால் எல்லாப் போரையும் மறுத்ததாகச் சொல்லமாட்டேன். ஒரு குறிப்பிட்ட போரை, ஒரு குறிப்பிட்ட அரசின் படையை மறுத்தார்கள். இரண்டும் வேறு வேறு. பாலாற்றங்கரை ஐயா இரண்டையும் ஒரே பானையில் போடுகிறாரோ என்று எனக்கு ஐயம்.

கணியம்பாடிக்காரன்

ஆம்பூர் அண்ணன் சொன்ன வேறுபாடுதான் என் கேள்வியின் மையமும். முதல் உலகப் போரை எதிர்த்தவர்களை நான் மதிக்கத் தயார். சாம்ராஜ்யங்கள் மோதிக்கொண்ட போர் அது. ஆனால் 1939-ல் எதிரில் நின்றவன் ஹிட்லர். 1945 ஜனவரி 27 அன்று ஆஷ்விட்ஸ் வதைமுகாமைத் திறந்தது சோவியத் படை. துண்டறிக்கை கொடுத்தவர்கள் அல்ல. 1940 ஜூலையில் பிரிட்டிஷ் மக்கள் ஆயுதத்தைக் கீழே போட வேண்டும் என்று காந்தி எழுதினாரே, அவர்கள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குடியாத்தம் ஆசிரியை

தம்பியின் கேள்வி நியாயமானது. நான் அதற்கு முழுப் பதில் வைத்திருக்கவில்லை, ஆனால் ஹிட்லரின் ஆட்சிக்குக் கீழேயே ஆயுதமில்லாமல் மறுத்தவர்களையும் கணக்கில் சேருங்கள்.

நார்வேயை ஜெர்மனி பிடித்த பிறகு, 1942-ல் நாஜிகளுக்குத் துணைநின்ற குவிஸ்லிங் அரசு ஆசிரியர்கள் அனைவரும் புதிய நாஜி ஆசிரியர் சங்கத்தில் சேர வேண்டும் என்று உத்தரவிட்டது. நாட்டிலிருந்த சுமார் 12,000 ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒரே வாசகத்தை எழுதிக் கையெழுத்திட்டு மறுத்தார்கள். பள்ளிகளை மூடினார்கள். ஆயிரம் ஆசிரியர்களுக்கு மேல் கைது செய்து, அவர்களில் பல நூறு பேரை வடகோடியில் ஆர்க்டிக் குளிரில் உள்ள கிர்கெனஸ் துறைமுகத்துக்குக் கப்பலில் அனுப்பி மூட்டை இறக்க வைத்தார்கள். சம்பளம் நின்ற குடும்பங்களுக்கு மக்கள் இரகசியமாகப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். கடைசியில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போது, "டீச்சர், நீங்களாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா?" என்று பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். எளிதாகச் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை.

தோற்றுப்போன ஒருவரையும் சொல்கிறேன். ஃபிரான்ஸ் யேகர்ஸ்டெட்டர், ஆஸ்திரியாவில் ஒரு சிற்றூர் விவசாயி. மூன்று சிறு பெண்குழந்தைகளின் தகப்பன். 1943 மார்ச்சில் படைமுகாமுக்குப் போய், ஹிட்லருக்காகச் சண்டையிடமாட்டேன் என்றார். ஊர்ப் பாதிரியார் முதல் மேற்றிராணியார் வரை, குடும்பத்தை நினைத்துப் பார் என்றார்கள். ஆகஸ்ட் 9 அன்று தலையை வெட்டினார்கள். போர் முடிந்த பிறகும், படையில் சாகவில்லை என்று சொல்லி அவர் மனைவிக்குப் போர் விதவை பென்ஷன் பல ஆண்டுகள் மறுத்தார்கள். ஊரும் அந்த அம்மாவைத்தான் குறை சொன்னது. பட்டாளத்துப் பென்ஷனின் அருமை தெரிந்த கணியம்பாடித் தம்பிக்கு, அந்த மறுப்பு எப்படி வலித்திருக்கும் என்று புரியும்.

2007-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளர் என்று அறிவித்தபோது, அந்த மனைவி 94 வயதில் முன்வரிசையில் இருந்தார்.

பாலாற்றங்கரையான்

ஆஷ்விட்ஸ் கேள்வியை நான் தட்டிக்கழிக்கமாட்டேன். போர் மறுப்பாளர்களே அதில் இரண்டாகப் பிரிந்தார்கள். படைச் சேவையை மறுங்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொண்டிருந்த ஐன்ஸ்டீன், ஹிட்லர் வந்ததும் 1933-லேயே மனம் மாறினார். முதல் போரை எதிர்த்து 1916-ல் கேம்பிரிட்ஜ் வேலையை இழந்து, 1918-ல் ஆறு மாதம் சிறையிலிருந்த தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், இரண்டாம் போரில் ஹிட்லரை எதிர்த்துச் சண்டையிட வேண்டும் என்றார். அவர்களைக் கொள்கை மாறியவர்கள் என்று பழிக்க நான் தயாரில்லை. "பிரிட்டிஷ் மக்களே ஆயுதத்தைப் போடுங்கள்" என்ற காந்தியின் வேண்டுகோளை என்னாலும் ஏற்க முடியவில்லை.

ஆனால் மறுப்பவர்கள் எதையுமே சாதிக்கவில்லை என்பதை ஏற்கமாட்டேன். 1916-ல் மறுத்தவர்களுக்கு அடி, உதை, சிறை. போர் முடிந்த பின் ஐந்தாண்டு வாக்குரிமையும் இல்லை. 1939-ல் அதே பிரிட்டனில் மறுப்பவர்களை விசாரிக்க நீதிபதி தலைமையில் தீர்ப்பாயம் அமைத்தார்கள், ராணுவப் பிரதிநிதி உட்காரவில்லை. சுமார் 60,000 பேர் விண்ணப்பித்தார்கள். பலர் வெடிக்காத குண்டுகளை அகற்றும் வேலைக்கும் ஆம்புலன்ஸ் வேலைக்கும் போனார்கள். குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் பிரிவு 1942-ல் ஹொரேஸ் அலெக்சாண்டர் தலைமையில் இந்தியாவுக்கே வந்து, வங்கப் புயலிலும் அடுத்த ஆண்டுப் பஞ்சத்திலும் வேலை செய்தது. 1949-ல் எழுதப்பட்ட ஜெர்மன் அடிப்படைச் சட்டம், மனச்சான்றுக்கு விரோதமாக யாரையும் ஆயுதப் போர்ச் சேவைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஹிட்லர் ஆண்ட நாட்டில்! பூலோன் திடலில் நின்ற 35 பேருக்கும் அந்த வரிக்கும் நேர் உறவு உண்டு என்று நான் நம்புகிறேன்.

ஆம்பூர் நண்பரே, எல்லாப் போரையும் மறுப்பவர், இந்தப் போரை மட்டும் மறுப்பவர் என்ற வேறுபாட்டை ஏற்கிறேன். இருவரும் போன சிறை ஒன்றுதான் என்பதால் சேர்த்துப் பேசினேன்.

வாலாஜா வாசகன்

சிறை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஏகாதிபத்தியப் போர் என்று சொல்லி எதிர்த்த கம்யூனிஸ்டுகளையும் வேலூரில் அடைத்தார்கள். கேரளக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் சிறையிலிருந்து தப்பியது இங்கேயிருந்துதான். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டில் நுழைந்த பிறகு அந்தக் கட்சியின் நிலை தலைகீழானது. ஆகவே வேலூர்ச் சிறையில் அப்போது போரை எதிர்த்துக் குறைந்தது மூன்று வகை மனிதர்கள் இருந்தார்கள், ஒருவர் வாதம் மற்றவருக்கு ஒப்பாது.

திருப்பத்தூர் அன்பன்

எங்கள் ஊரைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. திருப்பத்தூர் இன்று தனி மாவட்டம், அன்று வட ஆர்க்காடு. 1921-ல் இங்கே கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் இரண்டு மருத்துவர்கள்: சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பேட்டன் நூல் ஆலை முதலாளி குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கதர் கட்டி, மரக்கறி உண்டு, தரையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். அவர்கள் கட்டிய ஜெப ஆலயத்துக்குக் கோபுரம் உண்டு, பார்த்தால் நம் கோயில் போலவே இருக்கும்.

1932-ல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடுத்தி நின்ற பேட்டனைப் போலீசார் தடியால் அடித்தார்கள். வெள்ளைக்காரரையே அடித்துவிட்டார்கள் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை கேள்வி போனது.

அந்தக் காலத்தில் அமெரிக்க மிஷனரிகள் இந்தியாவுக்குள் வர, அரசுக்கு விரோதமாக எதுவும் செய்யமாட்டோம் என்று உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. மதுரைப் பக்கம் இருந்த ரிச்சர்ட் கைத்தான் என்ற அமெரிக்கர், காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோன குவேக்கர் இளைஞர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸை 1930-ல் வீட்டில் தங்க வைத்தார். அதனால் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தவரை 1944-ல் மறுபடி வெளியேற்றினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மீண்டும் வந்து காந்திகிராமத்தில் உழைத்தார். விருந்தாளிக்கு ஒரு பாய் விரித்ததும் அன்று குற்றம்.

ஆற்காடு மாணவன்

ஓர் ஐயம். இந்தியாவில் கட்டாயப் படைச் சேர்ப்பே இருந்ததில்லை. அப்படியிருக்க இங்கே ஒருவர் எதை மறுக்க முடியும்?

பாலாற்றங்கரையான்

நல்ல கேள்வி, தம்பி. சட்டப்படி கட்டாயம் இல்லை, உண்மைதான். ஆனால் முதல் போரில் பஞ்சாபில் ஊருக்கு இத்தனை ஆள் என்று அதிகாரிகள் கணக்கு வைத்து நெருக்கினார்கள். இரண்டு போர்களிலும் போர் நிதி வசூல் உண்டு. தாசில்தாரே ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்கும்போது அது நன்கொடை ஆகுமா? தனிநபர் சத்தியாக்கிரகிகள் ஆளோடு பணத்தையும் சேர்த்து மறுத்தது அதனால்தான்.

வாலாஜா வாசகன்

பாலாற்றங்கரை ஐயா கேட்ட போர் எதிர்ப்புக் கணக்கை எழுத ஒரு பயனுள்ள செய்தி. சுதந்திர வெள்ளி விழாவையொட்டி, 1972-ல் ஒவ்வொரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் கல்தூண் நட்டு, அந்த வட்டாரத் தியாகிகளின் பெயர்களைப் பொறித்தார்கள். அதில் பெயர் இருக்குமே தவிர, எந்தப் போராட்டம் என்று இருக்காது. ஊரில் பெரியவர்களிடமும், தியாகிகளுக்கு அரசு கொடுத்த தாமிரப் பட்டயம் வைத்திருக்கும் குடும்பங்களிடமும் விசாரித்தால், 1940-41-ல் போனவர் யார், 1942-ல் போனவர் யார் என்று பிரித்துவிடலாம்.

மேல்மொணவூர் தங்கை

நான் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்தவள். இங்கே எல்லோரும் ஐரோப்பாவைப் பேசுகிறீர்கள். தமிழில் பேசிச் செத்த ஒருவரைச் சொல்கிறேன்.

ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறைத் தலைவர், மருத்துவர், இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். இங்கிலாந்தில் படிப்பை முடித்துவிட்டுப் போர் நடக்கும் ஊருக்கே திரும்பியவர். சக ஆசிரியர்களோடு சேர்ந்து, மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பில் வேலை செய்தார். இலங்கை ராணுவம் செய்ததையும், இந்திய அமைதிப்படை செய்ததையும், தமிழ் இயக்கங்கள் செய்ததையும் ஒரே கண்ணால் பார்த்து எழுதினார்கள். வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 1989 செப்டம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35.

அதற்கு முன் 1984-ல், ராணுவம் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு யாழ்ப்பாணத் தாய்மார் அன்னையர் முன்னணி அமைத்து ஊர்வலம் போனார்கள். அதில் நடந்தவர்கள் அடுப்படியிலிருந்து வந்த பெண்கள்.

கணியம்பாடி அண்ணா கேட்ட கேள்வியை என் குடும்பத்திலும் கேட்பார்கள்: அடிக்க வருபவனை என்ன செய்வது? அம்மாவின் தம்பி ஆயுதம் எடுத்தவர். அவரையும் நான் வெறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பக்கமும் துப்பாக்கி இருந்த ஊரில், நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் மிக ஆபத்தான வேலையாக இருந்தது. அதைச் செய்தவரைக் கோழை என்று எவரும் சொல்ல முடியாது.

கணியம்பாடிக்காரன்

தங்கை, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என் பெரியப்பா அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். அந்தப் படையில் சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். திரும்பி வந்தவர்களை வரவேற்கக்கூட இங்கே அன்றைய தமிழக அரசு போகவில்லை. பெரியப்பா அதைப் பற்றி வீட்டில் வாயே திறப்பதில்லை. அமைதி என்ற பெயரோடு அனுப்பி, தமிழ் பேசும் ஊரில் சண்டையிட வைத்தார்கள் என்ற ஒரு வரிக்கு மேல் போகமாட்டார்.

போர் மறுப்பாளர்கள் சொன்னதை எல்லாம் நான் ஏற்றுக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எல்லைக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் எங்கள் ஊரிலிருந்து போவான். ஆனால் எந்தப் போருக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்கும் உரிமை, போகிறவனுக்கும் அவன் வீட்டுக்கும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணியம்பாடி ஒன்றியத் தூணில் இருக்கும் பெயர்களை நான் எழுதி அனுப்புகிறேன், பாலாற்றங்கரை ஐயா.

தங்கை, பெரியப்பாவை அழைத்துக்கொண்டு ஒருநாள் உங்கள் வீட்டுக்கு வரலாமா? பேசுவாரா என்று தெரியாது. கேட்டால் வருவார் என்று நினைக்கிறேன்.

மேல்மொணவூர் தங்கை

அம்மாவிடம் கேட்டேன். வரச் சொன்னார். ஆனால் வந்து உட்கார்ந்ததும், எந்த ஆண்டு, எந்த ஊரில் இருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன் என்கிறார். பெரியப்பாவிடம் அதைச் சொல்லியே அழைத்து வாருங்கள், அண்ணா.